கிரீஸ்காரர் பாக்கி

கிரேக்க நாட்டோடு எனக்கு முன்ஜென்ம பந்தம் எதுவும் கிடையாது. எட்டாங்கிளாஸ் சரித்திரத்தில் அலெக்ஸாண்டர் குதிரையில் வந்து போரஸிடம் பெருந்தன்மையாக நடந்துகொண்டார். ஆர்க்கிமிடீஸ் குளித்துக்கொண்டிருந்தவர் துண்டு கட்ட மறந்து தெருவில் ஓடினார். அவ்வளவுதான். (ஆர்க்கிமிடீஸ் ஓடிய தெருகூட சிசிலித் தீவில் இருக்கிறது என்று பிற்பாடு தெரிந்தது. ஆக, அதுவும் போச்சு.)

ஆனால் 2015 ஜூன், ஜூலை மாதங்களில் அந்த நாட்டு மந்திரிசபையைப் பற்றி என் அளவுக்குக் கவலைப்பட்ட ஆள் திருப்பூரில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. பிரதமர் எத்தனை மணிக்குத் தூங்கப் போனார், நிதியமைச்சர் சட்டையை இன்று 'இன்' பண்ணினாரா இல்லையா, எல்லாம் எனக்கு அத்துப்படி. காரணம் உலக ஞானம் இல்லை. 38,400 யூரோ.

அப்போது நான் ஒரு சின்ன பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் டாக்குமெண்டேஷன் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்வாய்ஸ் போடுவது, பேக்கிங் லிஸ்ட் அடிப்பது, பேங்க்குக்கும் ஷிப்பிங் ஏஜெண்டுக்கும் நடையாய் நடப்பது. வடக்கு கிரீஸில் தெஸலோனிக்கி என்ற துறைமுக ஊரில் இருந்த ஒரு வியாபாரிக்கு 12,000 டி-ஷர்ட், பீஸ் 3 யூரோ 20 சென்ட். நெஞ்சில் 'ஐ லவ் சாண்டோரினி' என்று இதயம் போட்டு பிரிண்ட். சாண்டோரினி என்பது டூரிஸ்டுகள் படையெடுக்கும் தீவு. சரக்கு தூத்துக்குடியில் கப்பல் ஏறிவிட்டது. 60 நாள் கடன். ஜூலை 3-ம் தேதி பணம் வரவேண்டும். அன்றைய ரேட்டில் சுமார் 27 லட்சம் ரூபாய்.

ஜூன் 27-ம் தேதி, சனிக்கிழமை விடியற்காலை, அந்த ஊர்ப் பிரதமர் அலெக்ஸிஸ் சிப்ராஸ் டி.வி.யில் தோன்றி, "கடன் கொடுத்தவர்கள் போடும் நிபந்தனையை ஏற்பதா வேண்டாமா என்று ஜூலை 5-ம் தேதி ஜனங்களையே கேட்டுவிடலாம்" என்றார். மறுநாள், பிராங்க்ஃபர்ட்டில் இருக்கும் ஐரோப்பிய மத்திய வங்கி கிரேக்க பேங்குகளுக்குத் தந்துகொண்டிருந்த அவசரக் கடனை 'இதற்கு மேல் கிடையாது' என்று நிறுத்திக் கட்டிவிட்டது. திங்கட்கிழமை, நாடு பூராவும் பேங்க் லீவு. ஏ.டி.எம்.மில் ஒரு கார்டுக்கு ஒரு நாளைக்கு 60 யூரோ. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பத் தடை.

முதலாளி பேப்பரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு என் டேபிளுக்கே வந்துவிட்டார்.

"ஏனுங் தம்பி, இந்த கிரீஸ்காரங்க யூரோவை உட்டுப்போட்டுப் போறாங்களாமா?"

"போனாலும் போவாங்கன்னு போட்டிருக்குங்ணா."

"போனா நம்ம காசு?"

அந்த ஒரு கேள்விக்கு அன்றைக்கு பிரஸ்ஸல்ஸிலேயே யாரிடமும் பதில் இல்லை. பி.காம். செகண்ட் கிளாஸ் நான் என்ன சொல்ல?

விஷயம் இதுதான். யூரோவை 1999-ல் பதினோரு நாடுகள் சேர்ந்து ஆரம்பித்தன. கிரீஸ் 2001-ல் உள்ளே வந்தது. 340.75 டிராக்மா கொடுத்தால் ஒரு யூரோ. டிராக்மா என்பது அவர்களுடைய புராதனப் பணத்தின் பெயர். (1944-ல் விலைவாசி எகிறியபோது பத்தாயிரம் கோடி டிராக்மாவுக்கு ஒரே நோட்டு அடித்தவர்கள் அவர்கள்.) யூரோவுக்கு மாறியதும் ஒரு அதிசயம் நடந்தது. ஜெர்மனிக்குக் கொடுக்கிற வட்டிக்கே, ஏறக்குறைய, கிரீஸுக்கும் கடன் கொடுக்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள். பக்கத்து வீட்டு பேங்க் ஆபீஸர் ஜாமீன் போட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நமக்குக் கடன் கொடுத்தால் எப்படி இருக்கும்? வாங்கினார்கள். 2004-ல் ஒலிம்பிக்ஸ் நடத்தினார்கள். வரி மட்டும் வசூலாகவில்லை. ஏதென்ஸின் வடக்கே பணக்காரர்கள் வசிக்கும் பகுதிகளில், 'எங்கள் வீட்டில் நீச்சல் குளம் இருக்கிறது' என்று வரிப் படிவத்தில் எழுதியவர்கள் 324 பேர். சாட்டிலைட் படத்தை வைத்து எண்ணிப் பார்த்ததில் இருந்த குளங்கள் 16,974!

2009 அக்டோபரில் ஆட்சி மாறியது. புதிதாக வந்த பாப்பாண்ட்ரு அரசாங்கம் கணக்குப் புத்தகத்தைத் திறந்தால், பட்ஜெட்டில் துண்டு விழுவது முன்பு சொன்னதைப் போல இரண்டு மடங்கு. திருத்தித் திருத்தி கடைசியில் நாட்டு உற்பத்தியில் 15 சதவிகிதம் என்று நின்றது. யூரோ சங்கத்தின் சட்டப்படி 3-ஐத் தாண்டக்கூடாது. (2003-ல் ஜெர்மனியும் பிரான்ஸும் அந்த 3-ஐத் தாண்டியபோது யாரும் அபராதம் போடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) கடன் கொடுத்தவர்கள் ஓடினார்கள். 2010 மே மாதம் 11,000 கோடி யூரோ உதவிக் கடன். அது போதாமல் 2012-ல் இன்னொன்று. அந்தப் பணத்தில் பெரும்பகுதி பழைய கடனுக்கும் வட்டிக்கும் வந்த வழியே திரும்பிப் போயிற்று. சாதாரண ஜனங்களுக்கு வந்தது நிபந்தனைகள்தான்.

அந்த நிபந்தனைகளில் ஒன்று என்னைக் கொஞ்ச நாள் தூங்கவிடவில்லை. 2012-ல் அந்த நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளத்தை 22 சதவிகிதம் வெட்டினார்கள். 25 வயசுக்குக் கீழே இருந்தால் 32 சதவிகிதம்! என் சம்பளத்தில் 32 சதவிகிதத்தைக் கழித்துப் பார்த்தேன். ரூம் வாடகை கொடுத்து மெஸ்ஸில் சாப்பிடலாம். ஊருக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. அதற்கும் முதலில் வேலை என்று ஒன்று இருந்தாக வேண்டும். 2013-ல் அங்கே வேலை தேடிய இளைஞர்களில் பாதிக்கு மேல் சும்மா இருந்தார்கள்.

ஏன் சம்பளத்தில் போய்க் கை வைக்க வேண்டும்? இங்கேதான் பொதுப் பணத்தின் சூட்சுமம். 1991-ல் நம் நாட்டுக்கும் இதே கதிதான். வெளிநாட்டுக்குக் கட்டப் பணமில்லாமல் ரிசர்வ் பேங்க் 47 டன் தங்கத்தை பிளேனில் ஏற்றி அனுப்பி அடகு வைத்தது. கூடவே ஜூலை முதல் வாரத்தில் இரண்டு தவணையாக ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். நம் சரக்கு வெளிநாட்டுக்காரனுக்கு மலிவானது, அவன் சரக்கு நமக்கு விலை கூடியது, மெள்ள மெள்ள வண்டி ஓடியது. வலி இருந்தது, ஆனால் ஊர் முழுக்கப் பரவிய வலி. கிரீஸ் அதைச் செய்ய முடியாது. யூரோவின் மதிப்பைக் குறைக்க ஏதென்ஸுக்கு அதிகாரம் இல்லை. பணத்தைக் குறைக்க முடியாதபோது என்ன மிச்சம்? சம்பளத்தைக் குறை, பென்ஷனைக் குறை.

பீகாருக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரே ரூபாய்தானே என்று கேட்பீர்கள். வாஸ்தவம். ஆனால் பீகாருக்குப் போதவில்லை என்றால் டெல்லி கொடுக்கிறது. நாம் முணுமுணுக்கிறோம், இருந்தாலும் நம் வரிப் பணத்திலிருந்து போகிறது. ஐரோப்பாவில் பணம் பொது, கஜானா தனித்தனி. கூட்டுக்குடும்பம், ஆனால் அடுப்பு வேறே. ஒரு தம்பிக்குக் கடன்காரன் தொல்லை என்றால் அண்ணன்மார்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசனை சொல்லலாம். சொன்னார்கள்.

"அப்ப அவிங்க பழைய பணத்துக்கே போயிட வேண்டீதுதானே?" என்றார் முதலாளி. 2012-ல் ஒரு பெரிய அமெரிக்க வங்கியின் பொருளாதார நிபுணர்கள் அதற்கு 'கிரெக்ஸிட்' என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள். பிள்ளை பிறக்குமுன் பெயர் வைத்தாயிற்று. பிறப்பதுதான் கஷ்டம்.

ஒரு பணத்திலிருந்து பிரிந்து போனவர்கள் இல்லாமல் இல்லை. 1993-ல் செக்கோஸ்லோவாக்கியா இரண்டு நாடாகி, அடுத்த மாதமே, பிப்ரவரி 8-ம் தேதி, பணத்தையும் பிரித்துக்கொண்டது. புது நோட்டு அடிக்க அவகாசமில்லை. பழைய நோட்டிலேயே தபால் தலை மாதிரி ஒரு ஸ்டாம்பை ஒட்டினார்கள். செக் ஸ்டாம்பு ஒட்டியது செக் பணம், ஸ்லோவாக் ஸ்டாம்பு ஒட்டியது ஸ்லோவாக் பணம். ஒட்டாத நோட்டு செல்லாது. ஜனங்கள் விழுந்தடித்துக்கொண்டு வந்து ஒட்டிக்கொண்டார்கள். சுமுகமாக முடிந்தது.

கிரீஸில் அதே வித்தையைச் செய்து பாருங்கள். "உங்கள் யூரோ நோட்டைக் கொண்டுவாருங்கள், ஸ்டாம்பு ஒட்டி டிராக்மா ஆக்கித் தருகிறோம்." யார் கொண்டுவருவார்கள்? ஸ்டாம்பு ஒட்டாத நோட்டுதானே ஜெர்மனியில் செல்லும்! ஒட்டினால் பாதி விலை. அதனால் சேதி கசிந்த நிமிஷமே ஒவ்வொருவரும் பேங்கில் இருப்பதை எடுத்துத் தலையணைக்குள் வைத்துத் தைத்துவிடுவார்கள். அதுதான் நடந்தது. 2014 நவம்பருக்கும் 2015 ஜூன் முடிவுக்கும் நடுவில் கிரேக்க பேங்குகளிலிருந்து சுமார் 4,000 கோடி யூரோ டெபாசிட் கரைந்துபோயிற்று. அப்போதெல்லாம் நோட்டின் நம்பருக்கு முன்னால் இருக்கும் எழுத்தை வேறு பார்ப்பார்களாம். 'எக்ஸ்' என்றால் ஜெர்மனி நோட்டு, 'ஒய்' என்றால் கிரீஸ் நோட்டு. கிரீஸ் வெளியேறினால் 'ஒய்' செல்லாது என்று ஒரு புரளி. சட்டப்படி எல்லா யூரோவும் ஒரே யூரோதான். ஆனால் புரளிக்குச் சட்டம் தெரியுமா?

இதைவிட வேடிக்கை, யூரோவில் சேருவதற்குப் பக்கம் பக்கமாக விதி இருக்கிறது. விலகுவதற்கு ஒரு வரி கிடையாது. கல்யாணத்துக்கு மட்டும் மந்திரம் எழுதியிருக்கிறார்கள்.

ஜூலை 1-ம் தேதி, தெஸலோனிக்கிக்கு போன் போட்டேன். அந்தக் கம்பெனியில் கணக்குப் பார்ப்பவர் அறுபதை நெருங்கிய ஒரு பெரியவர். நாலு வருஷமாக இ-மெயிலில் பழக்கம். அவருடைய இங்கிலீஷும் என்னுடைய இங்கிலீஷும் ஒரே தரத்தில் இருந்ததால் நாங்கள் பேசுவது எங்கள் இருவருக்கும் நன்றாகப் புரியும்.

"தம்பி, பணம் இருக்கு" என்றார் எடுத்த எடுப்பில். "கம்ப்யூட்டர்ல தெரியுது. நீங்க கேட்ட 38,400-க்கு மேலேயே இருக்கு. பார்க்கலாம், தொட முடியாது."

வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டுமானால் ஒரு கமிட்டிக்கு மனுப் போட வேண்டும். முதலில் மருந்து, பிறகு சாப்பாட்டுச் சாமான். சாண்டோரினி மேல் காதல் கொண்ட பனியனுக்கு எந்த இடம் என்று அவருக்கே தெரியவில்லை. காலையில் ஏ.டி.எம். க்யூவில் முக்கால் மணி நேரம் நின்றாராம். 60 யூரோ சட்டம். ஆனால் இருபது யூரோ நோட்டு தீர்ந்துவிட்டதால் 50 தான் வந்ததாம். "ஒரு நாளைக்குப் பத்து யூரோ அரசாங்கத்துக்குக் கடன் கொடுக்கிறேன்" என்று சிரித்தார். ஏதென்ஸில் பஸ்ஸும் மெட்ரோவும் அந்த நாட்களில் இலவசம். அவர் ஊரில் அந்தப் புண்ணியமும் இல்லையாம்.

அவர் சிரித்த இரண்டாம் நாள் ஒரு புகைப்படம் உலகம் பூராவும் வந்தது. கார்டு இல்லாத பென்ஷன்காரர்களுக்காகச் சில பேங்குகளை மட்டும் திறந்து, ஆளுக்கு 120 யூரோ கொடுத்தார்கள். மனைவியின் பென்ஷனை வாங்கப் போன ஒரு பெரியவர் பேங்க் பேங்க்காக அலைந்து, கடைசி பேங்க்கிலும் இல்லை என்றதும் வாசலில், தரையில், அப்படியே உட்கார்ந்து அழுதார். பாஸ்புக் பக்கத்தில் கிடந்தது. அதே தெஸலோனிக்கி ஊர். படத்தைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் எனக்குத் திக்கென்றது. அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லையே, எங்கள் பெரியவராக இருந்தால்? உடனே போன் செய்தேன். "நான் இல்லை, தம்பி. ஆனா எங்க தெரு வரைக்கும் அந்த மாதிரி நூறு பேர் இருக்கோம்" என்றார். பணத்தைப் பற்றி அன்றைக்கு நான் கேட்கவில்லை. முதலாளியிடம் லைன் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

இங்கே எங்கள் பாடு வேறு. ஜூலை 3 வந்தது, போனது. பேக்கிங் கிரெடிட் கொடுத்த பேங்க் மேனேஜர் போனில் "சார்" போய் "என்னங்க" ஆகிவிட்டது. திருப்பூரில் சனிக்கிழமை என்றால் வாரச் சம்பளம். தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் எல்லாம் சேர்த்து 45 பேர். அவர்களிடம் போய் பிராங்க்ஃபர்ட், பிரஸ்ஸல்ஸ் என்று கதை சொல்ல முடியுமா? முதலாளி வீட்டு அம்மாவின் அட்டிகையும் நாலு வளையலும் நகைக்கடன் கவுண்ட்டருக்குப் போயின. 1991-ல் ரிசர்வ் பேங்க் செய்த அதே காரியம். பிளேன் மட்டும் இல்லை, டி.வி.எஸ். ஃபிப்டி.

ஜூலை 5-ம் தேதி ஓட்டெடுப்பு. ஓட்டுச் சீட்டில் 'வேண்டாம்' மேலே, 'வேண்டும்' கீழே. 61 சதவிகிதம் பேர் 'வேண்டாம்' என்றார்கள். சதுக்கத்தில் ஆட்டம் பாட்டம். மறுநாள் காலை நிதியமைச்சர் யானிஸ் வரூஃபாகிஸ் ராஜினாமா செய்துவிட்டு மோட்டார் சைக்கிளில் போய்விட்டார். ஜெயித்த மறுநாள் ராஜினாமா செய்கிற அரசியல்வாதியை நம் முதலாளி அன்றுதான் கேள்விப்பட்டார். "ஏனுங், நெசமாலுமா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

அடுத்த ஞாயிறு இரவு பிரஸ்ஸல்ஸில் தலைவர்கள் 17 மணி நேரம் விடிய விடியப் பேசினார்கள். ஜெர்மனியின் நிதியமைச்சர் வொல்ஃப்காங் ஷாய்ப்ளே தரப்பில் ஒரு யோசனை இருந்தது: கிரீஸ் ஒரு ஐந்து வருஷம் யூரோவை விட்டு வெளியே இருந்துவிட்டு வரட்டுமே! 'கொஞ்ச நாள் பொறந்த வீட்டுல போய் இரும்மா' என்று மருமகளை அனுப்புகிற மாதிரி. அனுப்பியபின் கூப்பிட ஆள் வருவானா என்பது அனுப்புகிறவனுக்கும் தெரியும், போகிறவளுக்கும் தெரியும். இதே ஜெர்மனியின் பழைய கடனில் பாதியை 1953-ல் லண்டனில் தள்ளுபடி செய்தபோது, கையெழுத்துப் போட்ட நாடுகளில் கிரீஸும் ஒன்று. அதை யாரோ ஞாபகப்படுத்தினார்கள். காதில் விழவில்லை.

விடிந்தபோது சிப்ராஸ் கையெழுத்துப் போட்டார். ஜனங்கள் 'வேண்டாம்' என்று சொன்னதைவிடக் கடுமையான நிபந்தனைகளுக்கு. பதிலுக்கு 8,600 கோடி யூரோ வரை மூன்றாவது கடன். துரோகம் என்றார்கள் ஒரு சாரார். என் அபிப்பிராயம் கேட்டால், அன்றைக்கு அவருக்கு வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மருந்தும் பெட்ரோலும் இறக்குமதி செய்கிற நாடு, கையில் புது நோட்டு இல்லாமல், கடன் எல்லாம் யூரோவிலேயே இருக்க, ஒரு திங்கட்கிழமை காலையில் என்ன செய்யும்? ஓட்டெடுப்பு வைக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கலாம் என்பது வேறு விஷயம். அந்த மூன்று வாரம் பேங்க் மூடியிருந்தது யாருக்கு லாபம்?

ஜூலை 20-ல் பேங்க் திறந்தது. எங்கள் பணம் திறக்கவில்லை. பெரியவர் ஒரு வழி சொன்னார்: "உங்க முதலாளியை இங்கே டூர் வரச் சொல்லுங்க. வெளிநாட்டுக்குத்தான் அனுப்பக்கூடாது, இங்கே செலவழிக்கலாம். ரூம், சாப்பாடு, சாண்டோரினி, எல்லாம் நாங்க பில் கட்டறோம். பாக்கியில் கழிச்சுக்கலாம்."

முதலாளிக்குச் சொன்னேன். ரொம்ப நேரம் யோசித்தார்.

"27 லட்சத்துக்கு ஒரு மனுசன் எத்தனைங் தம்பி திங்க முடியும்?"

ஆகஸ்ட் கடைசியில் கமிட்டி மனமிரங்கி முதல் தவணை 9,600 யூரோ வந்தது. அட்டிகை திரும்பியது. பிறகு செப்டம்பர், அக்டோபர், டிசம்பர். யூரோவாகவே வந்தது, டிராக்மாவாக இல்லை. நடுவில் 'மைக்கோனோஸ்' தீவுக்கென்று அடித்து வைத்திருந்த 6,000 பீஸ் ஆர்டர் மட்டும் ரத்து. அந்த வருஷ தீபாவளிக்கு எங்கள் செக்கிங் அக்காக்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் மைக்கோனோஸை நேசித்தார்கள்.

அப்புறம் கிரீஸ் எழுந்து உட்கார்ந்தது. 'கடன் சுமை குறைகிறவரை டை கட்ட மாட்டேன்' என்றிருந்த சிப்ராஸ் 2018 ஜூனில் ஒரு சிவப்பு டை கட்டி மேடையேறி, பேச்சு முடிகிற சமயத்தில் கழற்றிவிட்டார். 2019 செப்டம்பர் முதல் தேதி பணக் கட்டுப்பாடுகள் முழுசாக நீங்கின; அதற்குள் சிப்ராஸும் தேர்தலில் தோற்றுப் போயிருந்தார். 2020-ல் உற்பத்தியைப் போல இருநூறு சதவிகிதத்தைத் தாண்டிய கடன், 2024-ல் 150 சொச்சத்துக்கு இறங்கியது. ஆனால் நாட்டின் உற்பத்தி அந்த வருஷம்கூட 2008-ல் இருந்த இடத்தை எட்டவில்லை. வேலை தேடி வெளியே போன நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் நம் பெரியவரின் மகனும் ஒருவன். இன்ஜினீயர். போனது எங்கே? ஜெர்மனிக்கு.

எங்கள் கணக்கில் ஒரு சின்னப் பிசிறு நின்றுவிட்டது. நாலு தவணையிலும் நடுவில் இருந்த பேங்க் தலைக்கு 18 யூரோ கமிஷன் பிடித்துக்கொண்டது. ஆக 72 யூரோ குறைச்சல். ஆடிட்டர் பென்சிலால் சுழித்துக் கேள்விக்குறி போட்டார். நான் மெயில் போட்டேன். "அனுப்புகிறேன்" என்றார் பெரியவர். பிறகு மறந்துவிட்டார். நானும் விட்டுவிட்டேன்.

2016 நவம்பர் 8. ஐந்நூறு, ஆயிரம் செல்லாது என்று அறிவித்தார்கள். அடுத்த வாரமே பெரியவரிடமிருந்து மெயில்.

'டி.வி.யில் பார்த்தேன். உங்களுக்கும் க்யூவாமே? ஒரு நாளைக்கு எவ்வளவு?'

'ஏ.டி.எம்.மில் 2,000 ரூபாய். உங்கள் கணக்கில் 27 யூரோ. மெஷினில் பணம் இருந்தால்.'

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. 'நாங்கள் 60-க்கே அழுதோம். இந்த வாரம் உங்களுக்கு உதவியாக இருக்கும், அந்த 72 யூரோவை உடனே அனுப்பிவிடட்டுமா?'

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் காலையில்தான் இரண்டு மணி நேரம் க்யூவில் நின்றுவிட்டு வந்து, காலை நீட்டி ஃபேன் அடியில் உட்கார்ந்திருந்தார்.

"இப்ப வேண்டாம்னு சொல்லுங்க தம்பி" என்றார். "வந்தா அதையும் எடுக்கறதுக்கு நாந்தான் போய் நிக்கோணும்."